புல்தரையைப் பெயர்த்துப் பூப்பாத்தி போடுவது எப்படி?

மண்வெட்டியைத் தொடும் முன் காலடியில் இருப்பது என்ன புல் என்று பாருங்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவது, எத்தனை நாள் காத்திருப்பது, தோண்டாமலே வேலையை முடிக்கலாமா என்பதையெல்லாம் அந்தப் புல்தான் தீர்மானிக்கிறது. ஒரு கைப்பிடி அளவு புல்லை மண்ணோடு தோண்டி எடுத்துக் குழாயடியில் அலசிப் பாருங்கள். தண்டு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் இருப்பவை நான்கு. பஃபல்லோ கிராஸ் என்று நர்சரிகளில் நிழலுக்காக விற்கப்படும் புல்லுக்கு இலை அகலம், கொடி தடிமன். கொடி முழுவதும் மண்ணுக்கு மேலேதான் ஓடும், மண்ணுக்குள் தண்டு கிடையாது. இது உங்கள் தரையாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். கொரியன், மெக்சிகன் என்ற பெயர்களில் விற்கும் கார்பெட் புல்லுக்கு இலை ஊசிபோல மெல்லியது. மேலேயும் ஓடும், மண்ணுக்குள்ளும் ஓடும். ஆனால் மெதுவாக வளரும், பெரும்பாலும் மேல் 2 அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது அருகு. நர்சரிக்காரர் 'பெர்முடா' என்று சொன்னாலும் அது அருகு இனமே. அலசிய வேரில் வெள்ளையாக, நுனி கூர்மையாக, கணுக் கணுவாக ஒரு தண்டு தெரிந்தால் அதுதான் மண்ணடித் தண்டு. ஒரே ஒரு கணு உள்ள துண்டு மண்ணில் கிடந்தாலும் அது தனிச் செடியாகிவிடும். கார்பெட் புல் போட்டுச் சில வருடமான தரைகளில் அருகு ஊடே புகுந்திருப்பது சகஜம். அதனால் ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் நாலைந்து இடத்தில் தோண்டிப் பாருங்கள்.

நான்காவது கோரை. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டையாகத் தட்டுப்படும். அடியில் கறுப்பாக, நறுமணமுள்ள சிறு கிழங்கு இருக்கும். அதிலிருந்து நூல்போல ஓர் இழை ஓடி அடுத்த கிழங்குக்குப் போகும். புல்லோடு கோரையும் இருந்தால் நாள் கணக்கைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் அளவும்

இந்தக் குறிப்பில் வரும் கணக்கெல்லாம் 10 அடி நீளம், 4 அடி அகலம், அதாவது 40 சதுர அடிப் பாத்திக்கு. 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை நீட்டினால் நடு எட்ட வேண்டும், இல்லையென்றால் களை எடுக்கப் பாத்திக்குள் மிதிப்பீர்கள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் நிற்க முடிந்தால் இரண்டரை அடி போதும். வீட்டுச் சுவரை ஒட்டிப் போடவே வேண்டாம், ஒன்றரை அடியாவது தள்ளுங்கள். ஈரமண் சுவரில் அண்டிக் கிடந்தால் உட்சுவரில் ஓதம் ஏறும், கறையானுக்கும் அது வழி.

பூச்செடிகளில் பெரும்பாலானவை ஒரு நாளைக்கு 6 மணி நேர நேர்வெயில் கேட்கும். புல் எங்கே சோனியாக வளர்கிறதோ அங்கே பூச்செடி வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். புல் சோனியானதற்குக் காரணம் நிழலென்றால் செண்டுமல்லியும் அங்கே சோனியாகத்தான் இருக்கும். மாமரத்தடி, தென்னையடியும் வேண்டாம். நீங்கள் போடும் எருவைத் தேடி அந்த வேர்கள் சில மாதங்களில் பாத்திக்குள் வந்துவிடும்.

நேர் பாத்தி என்றால் முளையடித்துக் கயிறு கட்டுங்கள். வளைவு வேண்டுமென்றால் தண்ணீர் ஹோஸைத் தரையில் வளைத்துப் போட்டு, அதன் ஓரமாகச் சுண்ணாம்புத்தூளோ கோலமாவோ தூவுங்கள். தோண்டும் முன் சம்ப்பில் இருந்து வரும் பிவிசி குழாய், செப்டிக் டேங்க் லைன், தோட்ட விளக்கு வயர் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோட்டங்களில் இவை பல இடங்களில் அரை அடி ஆழத்திலேயே கிடக்கும், கடப்பாரை ஒரே குத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

எப்போது?

ஆவணி, புரட்டாசி தோண்டுவதற்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்குவதற்குள் பாத்தி தயாராகிவிடும். களிமண் பூமியில் மழை பிடித்த பிறகு இந்த வேலையில் இறங்காதீர்கள். ஈரக்களியில் மிதித்தால் மண் செங்கல்லாக இறுகும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டிப் பாருங்கள். உருண்டை உதிர்ந்தால் தோண்டலாம், நசுங்கி ஒட்டினால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கோடையில் என்றால் வெயிலையே வேலைக்காரனாக்கும் வழி ஒன்று உண்டு, அது கீழே வருகிறது.

கார்பெட் புல்லையும் பஃபல்லோவையும் உரிப்பது

இரண்டு நாள் முன்பே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வெட்டும் அன்று விட்டால் சேறாகும், விடாமலே வெட்டினால் மண்வெட்டி வழுக்கும். தட்டையான, கூரான மண்வெட்டி வேண்டும். அரம் போட்டுத் தீட்டி வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும். கனமான ஷூவும் கையுறையும் அவசியம். அடர்ந்த புல்லடியில் பூரானும் தேளும் இருக்கலாம்.

முதலில் பாத்தியின் சுற்றளவைச் செங்குத்தாக 3 அங்குலம் வெட்டுங்கள். பிறகு உள்ளே ஓரடி அகலப் பட்டைகளாகக் கீறுங்கள். ஒரு பட்டையின் முனையில் மண்வெட்டியைப் படுக்கை வாட்டில் செலுத்தி, 2 அங்குல ஆழத்தில் அடியை அறுத்துக்கொண்டே போங்கள். ஓர் ஆள் அறுக்க, இன்னோர் ஆள் பாயைப்போலச் சுருட்டிக்கொண்டு வந்தால் வேகமாக முடியும். இரண்டடிக்கு மேல் ஒரே சுருளாகச் சுருட்டாதீர்கள், தூக்க முடியாது.

எவ்வளவு கனம் என்பதைப் பலர் கணக்கிடுவதில்லை. 40 சதுர அடியை 2 அங்குலக் கனத்தில் உரித்தால் கிட்டத்தட்ட 7 கன அடி வரும். ஈர மண்ணோடு 250 முதல் 300 கிலோ. பாண்டில் அள்ளினால் 20 பாண்டு ஆகும். அதை எங்கே போடுவது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், அது பக்கத்துப் புல்தரையின் மேல் இரண்டு வாரம் கிடந்து அங்கேயும் புல்லைச் சாகடிக்கும்.

நல்ல சுருள்களைத் தரையில் வழுக்கையான இடங்களில் ஒட்டலாம். அன்றே ஒட்டிவிட வேண்டும், சுருட்டியபடி வெயிலில் ஒரு நாள் கிடந்தால் உள்ளே வெந்துவிடும். மிச்சத்தை மூலையில் தலைகீழாக, புல் கீழும் வேர் மேலுமாக அடுக்கி, வெளிச்சம் புகாத தார்ப்பாயால் மூடி வையுங்கள். அவ்வப்போது நனைத்து வந்தால் நாலைந்து மாதத்தில் நல்ல மண்ணாகும். அருகு கலந்திருந்தால் இந்தக் குவியல் கூடாது. மூடாத ஓரத்தில் அருகு முளைத்து, குவியலே அருகு நாற்றங்காலாகிவிடும்.

உரித்த இடத்தில் 'சி' எழுத்துபோல வளைந்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி எடுங்கள். வேர்ப்புழு அது, புதுச்செடியின் வேரைத் தின்னும். விரித்துப் போட்டுவிட்டு நகர்ந்தால் மைனாவும் காகமும் உங்களைவிடச் சுத்தமாக முடித்துவிடும்.

அருகைத் தோண்டுவது

அருகுக்கு உரித்தல் பலிக்காது. மேலே உள்ள பாயை எடுத்த பிறகும் மண்ணடித் தண்டு கீழே இருக்கும், இளகிய மண்ணில் அரை அடிக்கும் கீழே போயிருக்கும். பவர் வீடர், ரோட்டவேட்டர் ஓட்டவே கூடாது. மண்ணைப் பொலபொலவென்று ஆக்கித் தரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தண்டையும் பத்துத் துண்டாக நறுக்கி ஒரே சீராக நட்டுக் கொடுத்திருக்கும். மண்வெட்டியால் கொத்திக் கொத்திப் புரட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

முள் கருவி, அதாவது நான்கு பல் உள்ள தோட்ட ஃபோர்க், இங்கே தேவை. இறுகிய மண்ணில் கடப்பாரையால் முதலில் நெம்பி இளக்குங்கள். பாத்தியின் ஒரு முனையில் ஓரடி அகலம், 9 அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்து அந்த மண்ணை வெளியே வையுங்கள். அடுத்த ஓரடியை ஃபோர்க்கால் குத்தி நெம்பி, கட்டியைக் கையால் உடைத்து, வெள்ளைத் தண்டுகளை உருவி வாளியில் போடுங்கள். சுத்தமான மண்ணை முதல் பள்ளத்தில் தள்ளுங்கள். இப்படியே பின்வாங்கிக்கொண்டு போனால் கடைசிப் பள்ளத்தை நிரப்ப முதலில் வெளியே வைத்த மண் இருக்கும். எங்கே தேடினோம், எங்கே தேடவில்லை என்ற குழப்பம் இந்த முறையில் வராது. தண்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கணுவில் அறுந்து மிச்சம் உள்ளே நிற்கும். மண்ணைத் தளர்த்தினால் தானே நீளமாக வரும்.

கார்பெட் புல்லுக்கு ஓர் ஆளுக்கு அரை நாள் என்றால் இதற்கு முழுசாக இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அருகைச் சிமென்ட் தரையிலோ மொட்டை மாடியிலோ பரப்பி, ஒடித்தால் நொறுங்கும் வரை காய விடுங்கள். மண்மேல் பரப்பினால் அங்கேயே வேர்விடும். மருந்து தெளிக்காத தரையாக இருந்தால் பச்சையாகவே ஆடுமாடுக்குக் கொடுக்கலாம். பிள்ளையாருக்கும் ஒரு பிடி ஒதுக்கலாம்.

கோரை இருந்தால் இலையைப் பிடித்து இழுப்பதில் பயனில்லை. கழுத்தில் அறுந்துகொண்டு கிழங்கு உள்ளேயே நிற்கும், ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்க்கும். களைக்கொத்தால் பக்கவாட்டில் ஆழமாகக் குத்தி, கிழங்கோடு எடுத்து, இழையைப் பின்தொடர்ந்து அடுத்த கிழங்கையும் எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே தடவையில் வராது. புதுத் துளிர் நாலைந்து இலை விடும்போதெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கில் சேமிப்பு தீர்ந்து ஓயும். தோண்டிய மண்ணைக் கோடையில் புரட்டிப் போட்டுக் காய விடுவதும் நன்றாகப் பலன் தரும். கிழங்கு குளிர் தாங்குகிறதோ இல்லையோ, வறட்சி தாங்காது.

தோண்டாமல் கொல்வது

கத்திரி வெயிலைப் பயன்படுத்தும் முறைக்குக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பாலிதீன் ஷீட் வேண்டும், 25 முதல் 50 மைக்ரான் தடிமன். கறுப்பு ஷீட் வெளிச்சத்தை மறைத்துப் புல்லைப் பட்டினி போடும், ஆனால் மண்ணைச் சூடாக்குவதில் ஒளி ஊடுருவும் ஷீட்டுக்கு ஈடாகாது. புல்லை ஒட்ட வெட்டி, அள்ளி, தரையை முழங்கை ஆழத்துக்கு நனையும்படி தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் சூடு இறங்காது. 12க்கு 6 அடி ஷீட்டை இறுக்கமாக விரித்து, நாலா புறமும் ஓரத்தை அரை அடிப் பள்ளத்தில் புதைத்து மண் போடுங்கள். ஒரு பக்கம் காற்று புகுந்தாலும் சூடு தங்காது. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை 6 வாரம் விடுங்கள். மேல்மண்ணில் உள்ள களை விதைகளில் பெரும்பாலானவையும் கார்பெட் புல்லும் போய்விடும். அருகு பலவீனப்படும், ஆழத்தில் உள்ளது தப்பும். கோரை பாலிதீனையே ஊசிபோலக் குத்திக்கொண்டு மேலே வரும். அதற்கு இந்த முறை வேண்டாம்.

இன்னொன்று அட்டை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பலர் செய்வது இது. டேப்பும் ஸ்டேப்பிள் பின்னும் நீக்கிய, வழவழப்புப் பூச்சில்லாத பழுப்பு அட்டைப் பெட்டிகளை இரண்டு அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரித்து, ஊற நனைத்து, மேலே 4 முதல் 6 அங்குலம் மக்கிய எருவும் மண்ணும் போட்டு இரண்டு மூன்று மாதம் விடுவது. பஃபல்லோவுக்கும் கார்பெட் புல்லுக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நம் ஊரில் ஈர அட்டை கறையானுக்கு விருந்து. செம்மண் பூமியில், வீட்டை ஒட்டிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். அருகு இருந்தால் அட்டைக்கடியில் நகர்ந்து ஓரத்தில் தலைகாட்டும், சந்து கிடைத்தால் நடுவிலேயே எழும்.

உப்பு போடுவது, கொதிநீர் ஊற்றுவது, வினிகர் தெளிப்பது போன்ற யோசனைகளும் சுற்றி வருகின்றன. உப்பு புல்லைக் கொல்வது உண்மைதான், பிறகு வைக்கும் பூச்செடியையும் அதே உப்பு கொல்லும். சமையல் வினிகர் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பயன்படுத்த ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்து அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு அப்பாலும், 40 சதுர அடிக்கு அது தேவையில்லை. காற்றில் சிதறும் துளி பக்கத்துச் செடியில் பட்டால் அந்தச் செடியும் போகும்.

எல்லை

மிச்சப் புல்தரை பாத்திக்குள் திரும்பி வராமல் தடுக்க வரம்பு வேண்டும். இது இல்லாத பாத்தியை ஒரு மழைக்காலத்துக்குள் புல் மீட்டுக்கொள்ளும்.

செலவில்லாத வழி, புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே 4 அங்குல அகலம், 6 அங்குல ஆழத்தில் ஒரு வெறும் வாய்க்கால். புல்லின் பக்கம் செங்குத்தாகவும் பாத்தியின் பக்கம் சரிவாகவும் வெட்டுங்கள். எட்டிப் பார்க்கும் கொடியை மாதம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும். அந்த ஒரு வேலையைச் செய்வீர்களென்றால் இதைவிட நல்ல வரம்பு இல்லை. செய்ய மாட்டீர்களென்றால் கடப்பா கல்லை ஓரடி உயரத் துண்டுகளாக வாங்கி, 9 அங்குலம் புதைத்து 3 அங்குலம் வெளியே நிற்கும்படி நிறுத்துங்கள். இரண்டு கல் சேரும் இடத்தில் சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும், அருகுக்கு அந்தச் சந்து போதும். மண்மேல் அடுக்கிய செங்கல் அழகுக்கு மட்டும்தான், அருகு அதன் அடியில் நிதானமாக நடந்து வரும்.

மண் சேர்ப்பது

தோண்டி இளக்கிய மண் உப்பி, இழந்த 2 அங்குலத்தை ஈடு கட்டியதுபோலத் தெரியும். நாலு மழையில் அமுங்கிவிடும். அதனால் புல்தரை மட்டத்துக்கு மேல் 4 அங்குலம் உயர்த்துங்கள், தண்ணீர் தேங்கும் களிமண்ணில் 6 முதல் 8 அங்குலம். 4 அங்குல உயர்வுக்கு 40 சதுர அடியில் சுமார் 13 கன அடி தேவை. செம்மண் 8 கன அடி, மக்கிய தொழு உரம் 3 கன அடி, மக்கிய தென்னை நார்க்கழிவு 2 கன அடி என்பது நல்ல கணக்கு. சிமென்ட் சாக்கில் சொன்னால் செம்மண் 7 சாக்கு, எரு இரண்டரை சாக்கு வரும். இதோடு மண்புழு உரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 1 கிலோ. பழைய மண்ணோடு சேர்த்து அரை அடி ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். தனி அடுக்காகக் கிடந்தால் வேர் மேல் அடுக்கிலேயே நின்றுவிடும்.

இங்கேதான் இரண்டு நாள் உழைப்பு வீணாகும் இடம் இருக்கிறது. லோடில் வரும் செம்மண்ணில் கோரைக்கிழங்கும் அருகுத் துண்டும் இலவசமாக வரும். அரை அங்குலச் சல்லடையில் சலித்த பிறகே பாத்தியில் போடுங்கள். பச்சைச் சாணமும் கூடாது. மாடு தின்ற களைவிதையெல்லாம் அதில் உயிரோடு இருக்கும், மக்கும்போது வரும் சூட்டில் நாற்றின் வேரும் கருகும். நன்கு மக்கிய எரு கையில் எடுத்தால் மண்வாசம் வீசும், சாண வாடை இருக்காது. களிமண்ணை இளக்க எம்-சாண்ட் கொட்டுகிறவர்கள் உண்டு. களியோடு அந்தத் தூள் சேர்ந்தால் காய்ந்ததும் காரைபோல இறுகும். களிமண்ணுக்கு எருதான் மருந்து.

முளைக்கவிட்டு எடுப்பது

பாத்தி தயார், நாற்றும் வாங்கியாகிவிட்டது, இன்றே நட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். நடாதீர்கள். வெறும் பாத்திக்குத் தினமும் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நாள் சும்மா போடுங்கள். தப்பிய ஒவ்வொரு அருகுக் கணுவும் கோரைக்கிழங்கும் விதையும் இப்போது தலைகாட்டும். தளிர் 2 அங்குலம் வந்ததும், இழுக்காமல், களைக்கொத்தால் அடிவரை போய் வெள்ளைத் துண்டோடு எடுங்கள். விதையில் முளைத்ததை மேலாகச் சுரண்டினால் போதும். ஆழமாகக் கிளறினால் அடியில் உறங்கும் விதை மேலே வந்துவிடும். மறுபடி தண்ணீர், மறுபடி பத்து நாள். கார்பெட் புல்லுக்கு ஒரு சுற்று, அருகுக்கு இரண்டு, கோரைக்கு மூன்று. இதைச் செய்த பாத்திக்கும் செய்யாத பாத்திக்கும் உள்ள வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

என்ன நடுவது

முதல் போகத்தில் மல்லி, இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை போன்ற நிரந்தரச் செடிகளை வைக்காதீர்கள். தப்பிய அருகு அவற்றின் தூருக்குள் புகுந்துவிட்டால், செடியையே பிடுங்கி வேரை அலசாமல் அதைப் பிரிக்க முடியாது. செண்டுமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா என்று நாலைந்து மாதத்தில் முடிகிற செடிகளை வையுங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஃபோர்க்கால் ஒருமுறை பாத்தியைப் புரட்டி மிச்சத்தைப் பொறுக்கலாம். செண்டுமல்லி வேரால், செடிகளின் வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு குறைவது கூடுதல் லாபம்.

உயரமான செண்டுமல்லிக்கு ஒன்றரை அடி இடைவெளி, 40 சதுர அடிக்கு 20 நாற்று. குட்டை ரகத்துக்கு ஓரடி, 40 நாற்று. மாலையில் நட்டு, நாற்று வேர்பிடிப்பதற்கான உயிர்த்தண்ணீர் விடுங்கள். நட்ட ஒரு மாதத்தில் நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் பக்கக்கிளை விட்டுப் பூ கூடும். செடி வேர்பிடித்ததும் நடுவில் தெரியும் மண்ணைக் காய்ந்த சருகால் 2 அங்குலம் மூடுங்கள், தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி. மழை நாளில் தண்டை ஒட்டி ஈரச்சருகு கிடந்தால் தூர் அழுகும், நத்தையும் அங்கேதான் ஒளியும்.

முதல் மூன்று மாதம் வாரம் ஒருநாள் கையில் களைக்கொத்தோடு பாத்தியைச் சுற்றி வாருங்கள். பாத்தியின் நடுவைவிட ஓரத்தைப் பாருங்கள், அருகு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். இரண்டு இலைப் பருவத்தில் ஒரு நிமிட வேலை அது. ஒரு மாதம் விட்டுவிட்டால் அந்த ஓரத்தை மறுபடி ஃபோர்க் போட்டுத் தோண்ட வேண்டியிருக்கும்.